மொன்டிபோரா ஏன் பழுப்பாகிறது, அக்ரோபோரா ஏன் வெளுக்கிறது

தம்பி, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி வீடு; மூன்று அடிக் கண்ணாடித் தொட்டி; பாறைகளின் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 200 லீற்றர் கடல்நீர்; தொட்டிக்கு ஐந்து மாத வயது. இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய மூன்று கல்முருகைகளில் (கல் எலும்பு கட்டும் பவள உயிரிகளில்), செம்மஞ்சளாக இருந்த மொன்டிபோரா தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகிவிட்டது. நீல அக்ரோபோரா அடியிலிருந்து மேல்நோக்கி வெளுத்துக்கொண்டு வருகிறது. யூஃபிலியா மட்டும் வாங்கிய நாளைவிடப் பெரிதாக விரிந்து நிற்கிறது. நீங்கள் தந்த அளவுகள்: காரத்தன்மை 6.2 டீ.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு); கல்சியம் லீற்றருக்கு 390 மில்லிகிராம்; நைத்திரேற்று 25; பொசுபேற்று 0.25, வெப்பநிலை காலையில் 26.5 பாகை செல்சியஸ், பிற்பகலில் 29. நிறத்தைக் கூட்டும் என்று விற்கப்படும் திரவங்களில் எதை வாங்குவது, விளக்கின் வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தப் போத்தலையும் வாங்க வேண்டாம். விளக்கை இப்போதைக்குத் தொடவும் வேண்டாம். உங்கள் தொட்டியில் ஒரே நேரத்தில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. மொன்டிபோரா தன் சதைக்குள் இருக்கும் அல்காவை, அதாவது நுண்பாசியை, அளவுக்கு மீறிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அக்ரோபோரா தன் சதையையே இழந்துகொண்டிருக்கிறது. முன்னது மாதக்கணக்கில் காத்திருக்கும். பின்னது இந்தக் கிழமைக்குள் கவனிக்கப்படாவிட்டால் வெறுங்கல்லாகிவிடும். பழுப்பைப் போக்குவதற்காக வெளிச்சத்தைக் கூட்டினால், வெளுத்துக்கொண்டிருப்பது இன்னும் வேகமாகச் சாகும். ஆகவே எதை முன்னே செய்வது, எதைப் பின்னே வைப்பது என்ற ஒழுங்குதான் உங்களுக்கு இப்போது வேண்டியது.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை இலகுவாகும். தமிழில் பவளம் என்றதும் நகைக்கடைச் சிவப்புத்தான் நினைவுக்கு வரும். நம் தொட்டிகளில் இருப்பதைக் கரையோரத்தில் முருகை என்பார்கள். அதன் கல் எலும்பைப் போல வெள்ளை. கல்லின் மேல் போர்த்திருக்கும் மெல்லிய சதையின் கலங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்ரிமீற்றரில் பத்து இலட்சத்துக்குக் குறையாமல் இருக்கும். அவற்றின் நிறம் பழுப்பு. ஒளித்தொகுப்பில் அவை ஆக்கும் உணவில் பெரும்பகுதி முருகைக்குப் போகிறது. முருகையின் கழிவுகளான காபனீரொட்சைட்டும் அமோனியாவும் அவற்றுக்கு உரமாகின்றன. நாம் காசு கொடுத்து வாங்கும் நீலமும் ஊதாவும் பச்சையும் முருகை தானே செய்யும் புரதங்களின் நிறம். 1999 இல் ரஷ்ய ஆய்வாளர்கள் மொஸ்கோவின் மீன் தொட்டிகளில் வளர்ந்த முருகைகளிலிருந்தும் அவற்றின் உறவினங்களிலிருந்தும் இந்த ஒளிரும் புரதங்களின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள்; அவற்றுள் ஒரு சிவப்புப் புரதம் இன்று உலகெங்கும் உயிரியல் ஆய்வுகூடங்களில் கலங்களுக்கு அடையாளமிடப் பயன்படுகிறது. வீட்டுத் தொட்டியின் அழகுப் பொருள் ஒன்று அறிவியலுக்கு அவ்வளவு பெரிய கொடையைத் தந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இந்தப் புரதங்களில் ஒரு பகுதியை முருகை கடும் வெளிச்சத்துக்குக் குடையாகவே செய்கிறது. வெளிச்சம் குறைந்து, தண்ணீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடினால், குடையின் தேவை குறைகிறது, உள்ளே அல்கா பெருகுகிறது, நீலத்தையும் செம்மஞ்சளையும் பழுப்பு மூடிவிடுகிறது. உங்கள் மொன்டிபோராவுக்கு நேர்ந்தது இதுதான். அதன் பொலிப்புகள் (பூப்போல விரியும் சிற்றுடல்கள்) மாலையில் வெளியே நீளுகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழுப்பான முருகை பெரும்பாலும் நன்றாக உண்டு வாழும் முருகையே. அதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைகளில் முருகைகளை முற்றிலும் நீல விளக்கின் கீழ் வைத்திருப்பார்கள். நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் உமிழும் புரதங்கள் அந்த வெளிச்சத்தில் தணல் போல ஒளிரும். அதே துண்டு வெள்ளை ஒளியில் மங்கலாகத் தெரியும். வாங்குமுன் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லி ஒரு நிமிடம் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

இப்போது அக்ரோபோராவுக்கு வருகிறேன். வெள்ளை என்பது இரண்டு வகை. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் எத்தனையோ பேர் தவறான வைத்தியம் செய்திருக்கிறார்கள். இரவு விளக்குகள் அணைந்து ஒரு மணித்தியாலம் கழித்து, சிறிய டோர்ச்சும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு அருகே குந்துங்கள். வெள்ளைப் பகுதியில் கண்ணாடி போன்ற சதை இன்னும் போர்த்தியிருந்து, சின்னஞ்சிறு பொலிப்புகள் நிறமற்ற கைகளை நீட்டிக்கொண்டிருந்தால், முருகை உயிரோடு இருக்கிறது. அல்காவை மட்டும் வெளியேற்றிவிட்டது. இது வெப்பத்தாலோ திடீர் வெளிச்சத்தாலோ வரும் வெளுப்பு. கவனமாகப் பார்த்தால் சில கிழமைகளில் அல்கா திரும்பிவரும். அதற்கு மாறாக, வெள்ளைப் பகுதி சொரசொரப்பான வெறும் கல்லாக, பொலிப்பு அமரும் ஒவ்வொரு கற்கிண்ணமும் காலியாகத் தெரிந்து, உயிருள்ள பகுதியோடு அது சேரும் எல்லையில் சதை கிழிந்த விளிம்பாக உரிந்து நின்றால், அது சதை அழிவு. சில வேளைகளில் அந்த விளிம்பு ஆறிய கஞ்சியின் ஆடை போலச் சுருண்டு நீரோட்டத்தில் அசைவதைக் காணலாம். அடியிலிருந்து ஒரே கோடாக மேலே ஏறுகிறது என்று நீங்கள் விவரித்ததைப் பார்த்தால், உங்களுடையது மெதுவான சதை அழிவுதான் என்று உறுதியாகச் சொல்வேன். இதே அழிவு வேகமாக வந்தால் ஒரே இரவில் முழு முருகையும் உரிந்துவிடும்.

மெதுவான சதை அழிவுக்குக் காரணங்கள் பல. ஆனால் உங்கள் அளவுகளில் கண்ணைக் குத்துவது காரத்தன்மை. முருகை கல் கட்டும்போது ஒரு பங்கு கல்சியத்தையும் இரண்டு பங்கு இருகாபனேற்றையும் (காரத்தன்மையின் பெரும்பகுதி இதுதான்) எடுத்துக் கல்சியம் காபனேற்றாக்குகிறது. கணக்குப் போட்டால், காரத்தன்மை 1 டீ.கே.எச். குறையும்போது கல்சியம் லீற்றருக்கு 7 மில்லிகிராம் மட்டுமே குறையும். காரத்தன்மை 8 இலிருந்து 7 ஆனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. அதே நேரத்தில் கல்சியம் 420 இலிருந்து 413 ஆகும், அதைச் சோதனைப் பெட்டி கண்டுபிடிக்கவே மாட்டாது. இதனால்தான் பழகியவர்கள் கல்சியத்தை மாதம் இரண்டு முறையும் காரத்தன்மையைக் கிழமைக்குப் பல முறையும் அளக்கிறார்கள். இயற்கைக் கடல்நீரில் காரத்தன்மை ஏறக்குறைய 7, கல்சியம் 410 முதல் 420, மகனீசியம் 1,300க்குச் சற்றுக் குறைவு. வீட்டுத் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது காரத்தன்மை 7.5 முதல் 8.5, கல்சியம் 400 முதல் 440, மகனீசியம் 1,250 முதல் 1,350. இந்த எல்லைக்குள் எந்த எண்ணில் நிற்கிறீர்கள் என்பதைவிட, அந்த எண் நாளுக்கு நாள் மாறாமல் நிற்கிறதா என்பதே அக்ரோபோராவுக்கு முக்கியம்.

6.2 ஐ 8 ஆக்குவது இலகு. மெதுவாக ஆக்குவதுதான் கடினம். நானும் ஒரு முறை அவசரப்பட்டேன். வெள்ளவத்தையில் என் பழைய தொட்டியில் காரத்தன்மை 6.5 ஆக இறங்கியிருந்ததைக் கண்டு பதறி, ஒரே மாலையில் 9 க்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொரு அக்ரோபோராக் கிளையின் நுனியும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெளுத்திருந்தது. குறைந்த அளவு என்னிடம் எந்த முருகையையும் கொன்றிருக்கவில்லை. நான் செய்த திருத்தம் இரண்டைக் கொன்றது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். 100 லீற்றர் தண்ணீரில் 1 டீ.கே.எச். உயர்த்த 3 கிராம் சோடியம் இருகாபனேற்று வேண்டும், அதாவது சமையலறை அப்பச்சோடா. வேறெதுவும் கலக்காத தூயதாக இருக்க வேண்டும், பேக்கிங் பவுடர் கூடவே கூடாது. உங்கள் 200 லீற்றருக்கு 1 டீ.கே.எச். உயர்வது 6 கிராமில். நாளொன்றுக்கு 3 கிராமை ஒரு கோப்பை தூய நீரில் கரைத்து, நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றினால் நாளுக்கு 0.5 உயரும், நான்கு நாட்களில் 8 ஐ எட்டிவிடுவீர்கள். எட்டியதும் ஊற்றுவதை நிறுத்தி, அடுத்த மூன்று நாட்களும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். மூன்று நாளில் 8.0 இலிருந்து 7.4 க்கு இறங்கினால் உங்கள் தொட்டி நாளொன்றுக்கு 0.2 செலவழிக்கிறது, அதை ஈடுசெய்ய நாளுக்கு 1.2 கிராம் போதும். உங்கள் தொட்டிக்கென்று வேறு எவரும் சொல்லித்தர முடியாத எண் அது. முருகை வளர வளர அது கூடும், ஆகவே மாதம் ஒரு முறை திரும்பக் கணக்கிடுங்கள். கல்சியத்தையும் கல்சியம் குளோரைட்டுக் கரைசலால் அதே விகிதத்தில் ஈடுசெய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஊற்றினால் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும், ஆதலால் இடையில் அரை மணித்தியாலமாவது விடுங்கள்.

சுண்ணாம்பு நீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் சேர்மமான கல்சியம் ஐதரொட்சைட்டைத் தூய நீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் துளித்துளியாக விடும் முறை அது. கல்சியத்தையும் காரத்தன்மையையும் சரியான விகிதத்தில் ஒருசேரத் தரும், பீ.எச். அளவையும் உயர்த்தும். நல்ல முறைதான். ஆனால் நிறைந்த சுண்ணாம்பு நீர் ஒரு லீற்றர் உங்கள் தொட்டியில் காரத்தன்மையை 0.5க்கும் மேல் உயர்த்தும். நாளொன்றுக்கு 3 லீற்றர் ஆவியாகும் தொட்டியில் அந்த 3 லீற்றரையும் சுண்ணாம்பு நீராக விட்டால் முருகைகள் இரண்டு நாள் தாங்காது. தொட்டி நிறைய முருகை வளர்ந்த பிறகு யோசிக்கலாம். கடைத்தெருச் சுண்ணாம்பு வேண்டாம். அதன் தூய்மை தெரியாது. அதோடு, நம் தென்மேற்குக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்கப்பட்டது அதே முருகைக்கல்தான் என்பதும் என் மனதை உறுத்தும்.

அடுத்தது வெப்பம். கொழும்பில் முருகை வளர்ப்பவருக்கு வாழ்நாள் முழுவதும் இதுதான் வேலை. உங்கள் தொட்டி ஒவ்வொரு நாளும் 26.5 க்கும் 29 க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. கொழும்புக் கடலே 28, 29 பாகையில்தான் இருக்கிறது, அங்கே முருகை வாழவில்லையா என்று கேட்பீர்கள். வாழ்கிறது, ஆனால் கடல் ஒரு பிற்பகலில் இரண்டரைப் பாகை ஏறுவதில்லை. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஏறக்குறைய ஒரு பாகை கூடிச் சில கிழமைகள் நின்றாலே கடல் முருகைகளும் வெளுக்கும். 1998 இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைப் பாரிலும் ஆழமற்ற இடங்களின் முருகைகள் பெருமளவில் அழிந்தன. 29 இல் நிற்கும் தொட்டிக்கு அந்த எல்லை மிக அருகில் இருக்கிறது. தவிர, தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஒட்சிசன் குறைகிறது.

மேற்பரப்பை நோக்கி வீசும் சிறிய மின்விசிறி ஆவியாதலால் இரண்டு பாகைவரை குறைக்கும். வறண்ட பெப்ரவரியில் அது நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அதே விசிறியால் அவ்வளவு குறைக்க முடியாது. விசிறி கூடுதலாக ஆவியாக்கும் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்: 200 லீற்றரில் 4 லீற்றர் குறைந்தால் உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35 என்பதிலிருந்து 35.7 ஆகிவிடும், மாலையில் நீங்கள் ஒரே வாளியாக ஊற்றினால் திடீரென்று திரும்பி விழும். ஆகவே விசிறி வைத்தால் தானாக நீர் நிரப்பும் மிதவையும் கட்டாயம் வேண்டும். அக்ரோபோராதான் வேண்டும் என்றால், என் கருத்தில், தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் வாங்கிவிடுவதே நல்லது. பத்தில் ஒரு குதிரைவலுச் சில்லர் உங்கள் அளவுத் தொட்டிக்குப் பெரும்பாலும் போதும்; அதன் சூட்டுக்காற்று அறைக்குள்ளேயே சுற்றாதபடி யன்னல் ஓரத்தில் வையுங்கள். 26 பாகையில் நிறுத்துங்கள், அரைப் பாகைக்கு மேல் ஆட விடாதீர்கள். குளிரூட்டி போட்டுக் கதவு யன்னல் எல்லாம் மூடிய அறையில் தொட்டி இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு: வீட்டார் விடும் காபனீரொட்சைட்டு அறையில் சேர்ந்து தண்ணீரின் பீ.எச். 7.8 க்கும் கீழே இறங்கும், முருகை கல் கட்டும் வேகம் குறையும். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் காற்றிழுக்கும் குழாயை யன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டால் பெருமளவு சரியாகும்.

இவ்வளவு இயந்திரம் இல்லாமல் முடியாதா என்று உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. 1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை), கடல்நீர், காற்றுக்குமிழி ஆகியவற்றை மட்டும் கொண்டு வீட்டுத் தொட்டியில் முருகை வைத்திருந்த முறையை எழுதி வெளியிட்டார். அவருடைய நகரமும் நம்முடையதைப் போல வெப்பமானதுதான். ஆனால் அவருக்கு நல்ல கடல்நீர் வேண்டிய அளவு கிடைத்தது. கொழும்பில் அது கிடையாது. வடக்கே முகத்துவாரத்தில் களனி கங்கை கடலில் கலக்கிறது. தெற்கே வெள்ளவத்தையில் கால்வாய் கலக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கரையோர நீரைக் கலக்கிச் சேறாக்குகிறது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியதும் இதே கடலில்தான். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில் (சவ்வால் வடிகட்டித் தூயதாக்கிய நீரில்) செயற்கைக் கடலுப்பைக் கரைப்பதே நமக்கு வழி. நீர்க்குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும். காபன் வடிகட்டியும் சவ்வும் பிசினும் கடந்து கரைந்த திண்மங்கள் சுழியமாக வரும் நீரை மட்டுமே பயன்படுத்துங்கள். உப்புப் பொதிகளில் சிலவற்றைக் கரைத்தால் காரத்தன்மை 11, 12 வரை வரும். அவை உங்களுக்கு உதவாது. கரைத்த நீரையும் அளந்து, 8 ஐ ஒட்டி வருவதைத் தேர்ந்தெடுங்கள். உப்புச்செறிவை அளக்கும் ஒளிமுறிவுமானியைத் தூய நீரால் மட்டும் சரிபார்க்காமல் 35 என்று குறித்த கரைசலாலும் சரிபாருங்கள்.

மின்வெட்டுக்கு ஆயத்தம் செய்யாமல் இந்த ஊரில் முருகை வளர்க்கக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம்; 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதுமே இருண்டது. 2022 இல் என்னிடம் பற்றரிக் காற்றுப்பம்பி இருந்தது, மீன்கள் பிழைத்தன. ஆனால் ஒரு சாண் அகலத்துக்கு வளர்ந்திருந்த என் பச்சை அக்ரோபோராவைச் சுற்றி நீரோட்டம் இல்லை. கிளைகளின் நடுவில் தேங்கிய நீரில் ஒட்சிசன் தீர்ந்து, உள்ளேயிருந்து வெளியே உரிந்து வந்தது. நான்கு வருடம் வளர்த்தது. அதன் பிறகு நீரோட்டம் உண்டாக்கும் ஒரு வேவ்மேக்கரையாவது 12 வோல்ற் பற்றரியில் தானாக மாறி ஓடும்படி இணைத்துவிட்டேன். சில்லர், விளக்கு, ஸ்கிம்மர் எல்லாம் சில மணித்தியாலம் நிற்கலாம், நீரோட்டம் நிற்கக் கூடாது. மின்சாரம் இருக்கும் நேரத்திலும் இதே விதிதான்: அக்ரோபோராவின் கிளைகளுக்கிடையில் ஒரு துணுக்குக் குப்பைகூடத் தங்காத அளவுக்கு, ஒரே திசையில் அறையாமல் மாறி மாறி வரும் ஓட்டம் வேண்டும், யூஃபிலியாவுக்கு அதன் கைகள் நெற்கதிர் போல மெல்ல அசையுமளவு போதும்.

நைத்திரேற்று 25, பொசுபேற்று 0.25 என்பவை கூடுதல்தான். என்றாலும் அவற்றை அவசரமாகச் சுழியமாக்க முனையாதீர்கள். நான் விரும்பும் அளவு நைத்திரேற்று 5 முதல் 10, பொசுபேற்று 0.03 முதல் 0.1. பொசுபேற்று உறிஞ்சியை அதிகமாகப் போட்டு ஒரே கிழமையில் அடிக்கு இறக்கிவிட்டு, நைத்திரேற்றை மட்டும் மேலேயே வைத்திருப்பது மிக மோசமான கலவை. நைத்திரேற்று மிகுந்து பொசுபேற்றுப் பஞ்சம் வந்தால் முருகைகள் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காமல் எளிதில் வெளுக்கின்றன என்று சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இரண்டுமே சுழியமானால் டைனோபிளாஜலேற் என்னும் பழுப்புச் சளி பாறைகளை மூடும், அதைப் போக்குவது பெரும்பாடு. கிழமைக்கு 10 வீதம் தண்ணீர் மாற்றுங்கள். மீன்களுக்குப் போடும் உணவைச் சற்றுக் குறையுங்கள். உறைய வைத்த உணவைக் கழுவிப் போடுங்கள். ஸ்கிம்மர் கோப்பையை இரண்டு நாளுக்கொரு முறை துடையுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் இறங்கிவிடும். உங்கள் யூஃபிலியா செழித்திருப்பதற்கு இந்தச் சத்துநீரும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். பெரிய பொலிப்புள்ள இனங்கள் பலவும் அப்படித்தான். அதற்கு வாரம் ஒரு முறை அரிசியளவு இறால் துண்டு கொடுத்தால் போதும். அதன் நீண்ட கைகள் இரவில் அண்டை முருகைகளைக் கொட்டும், ஆகவே சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள்.

அக்ரோபோராவை என்ன செய்வது? காரத்தன்மையை உயர்த்தத் தொடங்கும் அதே நாளில் கண்ணாடிக்கு வெளியே, வெள்ளை முடியும் இடத்துக்கு நேராக, பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மூன்று நாளில் வெள்ளை அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள். தாண்டினால் வெட்ட வேண்டும். உயிருள்ள நுனிகளை, எல்லையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் மேலே, கூரிய குறட்டினால் ஒரே அழுத்தில் நறுக்குங்கள்; எல்லைக்கு ஒட்டி வெட்டினால் அழிவும் துண்டோடு கூடவே வரும். நறுக்கிய துண்டின் அடியைத் துடைத்து, ஜெல் வகைச் சூப்பர் குளூவால் சின்ன வில்லையில் நிமிர்த்தி ஒட்டுங்கள். அந்தப் பசை தண்ணீருக்குள்ளும் இறுகும், முருகைக்குக் கேடில்லை. மூன்று துண்டு ஒட்டினால் ஒன்றாவது மிஞ்சும் என்ற நம்பிக்கையோடு செய்யுங்கள். வெட்டுவதைக் கண்டு மனம் கலங்க வேண்டாம். புயலில் உடைந்த கிளைகள் வேறிடத்தில் ஒட்டி வளர்வது கடலில் அக்ரோபோரா பெருகும் வழிகளில் ஒன்றே.

ஒட்டுமுன் அந்தத் துண்டுகளையும், இனி வாங்கும் ஒவ்வொரு முருகையையும், அதற்கென உள்ள அயடீன் கரைசலில் குறித்த நேரம் அமிழ்த்தி, பிப்பெற்றால் நீரைப் பீய்ச்சிக் கழுவி, கரைசல் வைத்த கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். அக்ரோபோராவின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும் தட்டைப்புழுக்கள் அப்போதுதான் விழும். கிளையில் வட்ட வட்டமாக வெளிறிய கடி அடையாளம் இருந்தால் அவை இருக்கின்றன என்று கொள்ளலாம். கரைசல் புழுக்களைக் கொல்லும், முட்டைகளைக் கொல்லாது. கல்லில் ஒட்டிய பழுப்பு முட்டைத் திட்டுகளைச் சுரண்டி எடுத்து, கிழமைக்கொரு முறை ஆறு கிழமை திரும்பச் செய்ய வேண்டும்.

வாங்குவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கல்முருகை இனங்கள் எல்லாம் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன. நம் நாட்டுக் கரையிலிருந்து முருகையைப் பெயர்த்தெடுப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஹிக்கடுவைக் கடலிலிருந்து வந்தது என்று எவராவது குறைந்த விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள். 1998 இன் வெப்பத்துக்குப் பின் தட்டுத்தடுமாறி வளரும் பார் அது. அதிலிருந்து ஒரு கிளைகூட நம் வரவேற்பறைக்கு வரக் கூடாது. பண்ணையில் வளர்த்து, உரிய அனுமதிப் பத்திரத்தோடு இறக்குமதி செய்ததா என்று கேளுங்கள். அதைவிடச் சிறந்தது, கொழும்பிலேயே வேறொருவர் தொட்டியில் வளர்ந்த முருகையிலிருந்து நறுக்கிய துண்டு. அது நம் உப்புக்கும் நம் விளக்குக்கும் பழகிவிட்டது. ஐந்து மாதத் தொட்டிக்கு அக்ரோபோரா அவசரம் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் முடியும் வரை இன்னொன்று வாங்காமல் இருங்கள். நிறம் வேண்டும் என்றால் ஃபேவியா என்னும் கல்முருகையோ இன்னொரு மொன்டிபோராவோ போதும்.

கடைசியாக விளக்கு. யூஃபிலியாவுக்குப் பார் அளவு (PAR, ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 75 முதல் 150, மொன்டிபோராவுக்கு 150 முதல் 250, அக்ரோபோராவுக்கு 250 முதல் 350 என்று வைத்துக்கொள்ளலாம். பார் மானி யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஒரு நாள் வாங்கி அளந்து எழுதி வையுங்கள். உங்கள் விளக்கு இப்போது 40 வீதத்தில் எரிகிறது என்கிறீர்கள். காரத்தன்மையும் வெப்பமும் ஆறு கிழமை அசையாமல் நிற்கும் வரை அதை அப்படியே விடுங்கள். அதற்குள் ஒட்டிய துண்டுகளின் அடியைத் தினமும் பார்த்து வாருங்கள். பிழைத்த துண்டில், காய்ந்த பசையின் மேல் சதை ஒரு மெல்லிய வெளிறிய விளிம்பாக வழிந்து படரத் தொடங்கும். நகக்கண் அளவுகூட இருக்காது. அந்த விளிம்பைக் கண்ட கிழமையில் விளக்கை 5 வீதம் கூட்டுங்கள். அடுத்த 5 வீதத்துக்கு இரண்டு கிழமை விடுங்கள்.